கரையில் நிற்கக் கூடாதவள்

கரைப் பக்கமே வரக் கூடாது என்றுதான் சொன்னார்கள். முதல் தாரத்தைக் கூப்பிடுகிற இடத்தில் இரண்டாம் தாரமாக வரப்போகிறவள் நிற்கக் கூடாதாம், செத்தவள் கண்ணில் படக் கூடாதாம். அரசுவின் அம்மா அஞ்சலாட்சி அத்தை மத்தியானமே போன் பண்ணி, நீ ரூமிலேயே இரும்மா, நாங்கள் போய் அவளைக் கூட்டிவந்து வைத்துவிட்டுச் சொல்கிறோம் என்றார், ஏதோ பஸ்ஸில் வந்து இறங்கப்போகிற விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல. நான் கேட்கவில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் பூவாடைக்காரியை அழைத்தாலும் ஓரமாக ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் நான். வீட்டில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணை, அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் வருவதற்கு முன்னால் நீர்க்கரையில் கூப்பிடுவார்கள், யார் உடம்பிலாவது இறங்கிப் பேசுவாள், சம்மதம் கேட்பார்கள், சொன்னதும் ஒரு சொம்பில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி மூலையில் வைப்பார்கள். அவள்தான் பூவாடைக்காரி. இவளைப் பற்றித் தடித்தடியாக எழுதித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன், இவளைச் சொல்லிக்கொடுத்துத்தான் கல்லூரியில் சம்பளம் வாங்குகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் வீட்டுச் செத்தவளையெல்லாம் பார்த்துவிட்டு என் கல்யாணத்துக்கு வருகிறவளைப் பார்க்காமல் விடுவதா என்று ஒரு திமிர். ஆராய்ச்சி என்று சொன்னேன். ஆராய்ச்சி என்றால் இங்கே எல்லாரும் வழி விட்டுவிடுவார்கள், அது என்ன எழவு என்று யாரும் கேட்பதில்லை. கரைக்குக் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் நில், வாயைத் திறக்காதே என்று அத்தை விட்டுவிட்டார். நிற்கிறேன். வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது, ஏரியில் பாதிதான் தண்ணீர், மீதி சேறும் கோரையும். பம்பை ஆரம்பித்து வெகுநேரம் ஆகிறது. கோமளா வரவில்லை.

பம்பைக்காரர் ஏகாம்பரம் அண்ணன் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார். தண்ணிக்குள்ள நின்னாலும் தாழம்புதர்ல நின்னாலும், வழி மறந்து நின்னாலும், வாசல் தெரியுது வாம்மா. மஞ்சள் அரைச்சு வெச்சிருக்கோம், மடியில பூ வெச்சிருக்கோம், பெத்தவ வந்திருக்கா, பெத்த புள்ள வந்திருக்கு, பாத்து வாம்மா. எத்தனையோ கரையில் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவையும் இவ்வளவு நேரம் அவர் கெஞ்சியது கிடையாது. சாதாரணமாக மூன்றாவது பாட்டுக்குள் அடி மாறிவிடும், யாராவது ஒரு பெண் பின்னால் சாய்வாள், யாராவது தாங்கிப் பிடிப்பார்கள். இன்றைக்குப் பம்பையில் தோல் கிழிகிறதே தவிர, கூடியிருக்கிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள். வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலைத் தட்டை மாற்றும்போதே அத்தை எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார், "கோமளா வாயால சரின்னு வரணும். வரலன்னா தாலி ஏறாது." அரசு குனிந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, பால் சங்கத்தில் ஊரே எதிர்த்து நின்றாலும் வாய் கொடுக்கிறவர்தான், வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்த வாயைச் செருப்போடு கழற்றி வைத்துவிடுவார். எனக்கு நாற்பது ஆகப்போகிறது. ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர், பூட்டிவிட்டுப் போனால் பூட்டினபடியே இருக்கிற அறை. அது பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அரசு ஒரு கல்யாண வீட்டில் காபி கொண்டுவந்து நீட்டி, எழுதிட்டே இருக்கீங்களே, ஆறிடும் என்று சொல்லும்வரை. ஆறிடும் என்ற ஒரு சொல்லுக்கு விழுந்தவள் நான், சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள். அந்த வீடு எனக்கு வேண்டும். இந்தத் தண்ணீருக்குள் இருக்கிறவள் சரி என்று சொன்னால்தான் கிடைக்கும். அவள் இருக்கிறாள் என்றே நான் நம்பவில்லை, நம்பாதவள் கையில் வியர்த்துக் கொட்டுகிறது.

யார்மேல் வருவாள்? என் ஆராய்ச்சியில் அதற்கு ஒரு முழு இயல் இருக்கிறது. அருள் இறங்குவது சொல்ல ஏதோ இருந்தும் சொல்ல வேறு வழியில்லாதவர்மேல். கருத்தரங்கில் அந்த வரிக்குக் கை தட்டினார்கள், நானும் அடக்கமாகச் சிரித்தேன். அப்படியானால் பார்ப்போமே என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். கோமளாவின் அம்மா பச்சையம்மாள் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருக்கிறார், அந்தத் துணிக்குப் பின்னால் எவ்வளவோ இருக்கும், ஆனால் அவர் வாயை அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வரவிட மாட்டார் என்று தெரிகிறது. தங்கை சரளாமேல் ஒரு தடவை வந்தது. நான் நிமிர்ந்தேன், கையில் இல்லாத ரெக்கார்டரை விரல் அழுத்தியது. ஏகாம்பரம் அண்ணன் ஓடிப்போய் வந்தது யாரு என்று கேட்டார், சரளா நாக்கைத் துருத்திக்கொண்டு அங்காளம்மா என்றாள். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, தாயே நீ அப்புறம் வா, இப்ப வூட்டுப் பொண்ணக் கூப்டுறோம் என்று விபூதி போட்டு அனுப்பிவைத்தார். வழி தவறி வந்த சாமியைப் பக்குவமாகத் திருப்பி அனுப்புவது அவருக்குக் கைவந்த கலை, வேறு சமயமாக இருந்தால் ரசித்திருப்பேன். அரசு கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அவளிடம் என்ன சொல்ல இருக்கும்? கேட்டதில்லை. காய்ச்சல் என்று போய் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்ற ஒரே வாக்கியத்தில் கோமளாவை அவர் மூடிவைத்திருக்கிறார், அந்த மூடியை நானும் திறக்கவில்லை. ஆராய்ச்சிக்காக யார் யார் வீட்டு மூடியையோ திறந்தவள் அதை மட்டும் திறக்கவில்லை.

காலில் என்னமோ ஊர்கிறது. எறும்பாக இருக்கும். புளியமரத்தடியில் எறும்பு இல்லாமல் என்ன இருக்கும். குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. அருள் வருகிறதென்றால் முதலில் கால் கட்டைவிரல் மண்ணைக் கிள்ளும், பிறகு தாடை இறுகும், பிறகு மூச்சு மேல்மூச்சாக வரும், நானே வரிசைப்படுத்தி எழுதியது. என் கட்டைவிரல் சும்மாதான் இருக்கிறது. இருக்கிறதா? பம்பைச் சத்தம் மார்க்கூட்டுக்குள் போய் அடித்தால் யாருக்கும் படபடக்கும், அது உடலியல், அதையும் எழுதியிருக்கிறேன். மல்லிகை வாசனை. சொம்பைச் சுற்றின மல்லிகை, காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நடந்ததற்கு எந்தக் காற்று? முதல் தடவை அவர்கள் வீட்டுச் சமையலறைக்குப் போனபோது உப்பு எங்கே என்று யாரையும் கேட்காமல் கையை நீட்டினேன், அடுப்புக்கு வலப்பக்கம், இரண்டாவது தட்டு, மூடி போட்ட ஜாடி. கை நேராகப் போய்விட்டது. எல்லாப் பெண்களும் உப்பை அங்கேதான் வைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் என் ரூமில் நான் அங்கே வைப்பதில்லை. கூடத்தில் அவள் படம், சந்தன மாலை போட்டது, பல் தெரியச் சிரிக்கிறாள், செத்தவர் படத்துக்கு யாராவது பல் தெரிகிற படமாகப் பார்த்து எடுப்பார்களா. அந்தச் சிரிப்புக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் சாப்பிட்டேன். சோறு போடுகிற கரண்டியின் பிடியில் கோமளா என்று புள்ளி புள்ளியாய் வெட்டியிருக்கிறது, ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு தடவை அவள் பேர் கைக்குத் தட்டுப்படுகிறது. கல்யாணம் ஆனால் ஆயுசுக்கும் தட்டுப்படும். நான் பொறாமைப்படுகிறேனா பயப்படுகிறேனா என்று தெரியவில்லை. வந்துவிட்டுப் போயேன், வந்து ஒரு சரி சொல்லிவிட்டு உன் சொம்புக்குள் போயேன் என்று அவளைக் கூப்பிடுகிறேன், வாய்க்குள், பாட்டில்லாமல். கூப்பிடக் கூடாதவள் கூப்பிடுகிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

சுடர் இருக்கிறாள். ஏன் அவளை விட்டுவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தேன்? கோமளாவின் பெண், பதினோரு வயது, பச்சைப் பாவாடை, தோளில் வாட்டர் பாட்டில். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகிற பாட்டில், நீலம், மூடி உரசி வெளுத்தது. எங்கே போனாலும் அதைக் குறுக்காக மாட்டிக்கொண்டுதான் வருவாள், கோயிலுக்கு, கடைக்கு, நிச்சயதார்த்தத்துக்குக் கூட, பட்டுப் பாவாடைமேல் அந்தப் பாட்டில். கழற்றி வையேன் என்று அத்தை அதட்டினால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு வருஷமாக அவளுக்குப் பின்னால் அலைகிறேன். கலர் பென்சில், கதைப் புத்தகம், ஒரு தடவை தலை பின்னிவிடட்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். "பரவால்ல மேடம்." எதற்கும் அதுதான். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது, கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாக வணக்கம் சொல்வதுபோல. என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம், ஆன்ட்டி போதும், பேர் சொன்னால்கூடப் போதும் என்று சொல்லிப் பார்த்தேன், சரி மேடம் என்றாள். ராத்திரி படுக்கையில் அவள் வாயில் அம்மா என்ற சொல்லைப் பொருத்திப் பார்த்துக்கொள்வேன். வெட்கமாகத்தான் இருக்கும். அரசுகூட இல்லாமல் நான் இருந்துவிடலாம் என்று தோன்றுகிற நாள் உண்டு, இந்தப் பிள்ளை என்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிடாமல் சாவேனோ என்ற நினைப்பைத்தான் தாங்க முடிந்ததில்லை. இப்போது அவள் கால் கட்டைவிரல் மண்ணைக் கிள்ளுகிறது.

இல்லை. குழந்தைகள் சும்மா நிற்கும்போது மண்ணைக் கிள்ளும். தாடையைப் பார். தாடையும் இறுகியிருக்கிறது. பாட்டிலின் வாரை இரண்டு கையாலும் பற்றியிருக்கிறாள், விரல் கணுக்கள் வெளுத்துவிட்டன. சொல்ல ஏதோ இருந்தும் சொல்ல வழியில்லாதவர், அட மடச்சி, இந்தக் கரையில் அது வேறு யார்? ஏகாம்பரம் அண்ணனும் பார்த்துவிட்டார், அடி மாறுகிறது, மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறார். வரப்போகிறது. வந்ததும் சுற்றிக்கொள்வார்கள், தலைமுடியை அவிழ்ப்பார்கள், யாரு நீ என்று கேட்பார்கள், கற்பூரத்தை ஏற்றிக் கையில் வைப்பார்கள், பிறகு கேட்பார்கள், இந்தப் பொம்பளைய ஏத்துக்கிறியா? பிள்ளை வாயிலிருந்து ஆமாம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் அது அவள் சொன்னதாக இருக்காது, அவள் அம்மா சொன்னதாக இருக்கும், ஆயுசுக்கும் அதை இவள்தான் சுமக்க வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் தடுக்க வேண்டும். பிள்ளைக்காகவா? இல்லை என்று சொல்லிவிடுவாள் என்ற பயத்துக்காகவா? பிள்ளைக்காகத்தான். இல்லை என்றுதான் சொல்வாள், பரவால்ல மேடம் என்கிறவள் வேறு என்ன சொல்வாள். பிள்ளைக்காகத்தான், ஐயோ, இரண்டையும் பிரிக்க வரவில்லையே, பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லையே. அவள் மூச்சு மேலே ஏறுகிறது, கண் செருகப்போகிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், இது எப்படி வரும் என்பது. யாருக்கு வந்தாலும் எப்படி வரும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இந்தக் கரையில் இல்லை. கொண்டையில் குத்தியிருந்த கிளிப்பைப் பிடுங்குகிறேன். தலையை ஒரு உதறு. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது, அதைக் கேட்டு நானே ஒரு நிமிஷம் யார் என்று பார்க்கிறேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புகிறது. ஆட ஆரம்பித்துவிட்டேன், இனி நிறுத்தினால் மானம் போகும், நிறுத்தலாம் என்று பார்த்தாலும் உடம்பு நிற்கிறபாடாக இல்லை, முழங்கால் தானாக ஆடுகிறது. யாரோ இடுப்பைப் பிடித்து மண்டியிட வைக்கிறார்கள். ஏகாம்பரம் அண்ணன் முகம் பக்கத்தில், வியர்வை, விபூதி. அவருக்குத் தெரிந்திருக்கும், எத்தனை வருஷமாக என்னைப் பார்க்கிறவர். "வந்தது யாரு? பேர் சொல்லு." கோமளா என்கிறேன். கூட்டத்தில் ஒரு மூச்சு இழுபடுகிறது. கண்ணில் படக் கூடாது என்றாலும், இரண்டாம் தாரத்துமேலேயே முதல் தாரம் தானாக இறங்கிவிட்டால் இந்தப் பக்கத்தில் அது பெரிய பாக்கியம், அத்தை கையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார். அண்ணன் கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையில் வைக்கிறார். சுடுகிறது. சாமி வந்தவர்களுக்குச் சுடாது என்று எழுதியிருந்தேன், எனக்கு நன்றாகவே சுட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு ஏந்தினேன், கண்ணில் தண்ணீர் வந்ததை அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். அடையாளம் சொல்லு, நீ கோமளாதான்னு நாங்க எப்படி நம்புறது? எனக்கு அவளைப் பற்றி ஒரு அடையாளமும் தெரியாது. ஆனால் செத்தவர்கள் வந்து என்ன சொல்வார்கள் என்று தெரியும், எல்லாக் கரையிலும் ஒன்றையேதான் சொல்வார்கள், அட்டவணையே போட்டிருக்கிறேன். "என்ன மறந்துட்டீங்களே," என்கிறேன். "அரைகுறையா அனுப்பிட்டீங்களே, ஆசப்பட்டது ஒண்ணும் முடியலயே." யாருக்கும் பொருந்துகிற சொல். பச்சையம்மாள் வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டார். தவழ்ந்தே வந்து என் முகத்தை இரண்டு கையாலும் தடவி, கண்ணு, எங் கண்ணு, வந்துட்டியா என்று என் நெற்றியில் அவர் நெற்றியை வைத்து அழுகிறார். எனக்கு உள்ளே என்னமோ பிளக்கிறது. பெற்றவளை ஏமாற்றுகிறேன் என்று தெரிகிறது, ஆனால் அந்த அணைப்பு இதமாக இருக்கிறது, என்னை யாரும் இப்படித் தொட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அத்தை சம்மதம் கேட்கிறார். சம்மதம் என்கிறேன். சொம்பிலிருந்து பூவை எடுத்து அவர் மடியில் போடுகிறேன். முடிந்தது. கல்யாணம் நடக்கும். அடுத்து விழுந்துவிட வேண்டியதுதான்.

விழுவதற்குள் சுடர் வந்துவிட்டாள். அவளுக்கு அருள் வரவில்லை, அவள் முகம் தெளிந்துவிட்டது, கூட்டம் அவளுக்கு வழி விடுகிறது. ஒரு வருஷமாக ஒரு முழத்துக்கு அந்தப் பக்கமே நின்றவள் என் மடியில் வந்து மோதுகிறாள். பம்பைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது, என் காதுக்குள் பேசுகிறாள். "அன்னைக்குத் தண்ணி கேட்டியேம்மா. டாக்டர் குடுக்கக் கூடாதுன்னாரு. எல்லாரும் வெளிய போனப்ப எங்கிட்ட கேட்ட. பாட்டில்ல தண்ணி இருந்துச்சும்மா. நான் குடுக்கல. பயந்துட்டேன். அப்புறம் நீ கேக்கவே இல்ல." பாட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அழுந்துகிறது, உள்ளே தண்ணீர் தளும்புகிறது. இதுதான் இருந்ததா அந்த வாருக்குள்? இத்தனை நாளும் இதைத்தான் கழற்றி வை என்று அதட்டினார்களா? "எம்மேல கோவமாம்மா?" பிள்ளை காத்திருக்கிறாள். இதற்கு அட்டவணையில் ஒன்றும் இல்லை. நான் உன் அம்மா இல்லை, பானு மேடம், பொய்க்கு ஆடுகிறேன் என்று இப்போது சொல்லலாம், இப்போது மட்டும்தான் சொல்லலாம். டாக்டர் சொன்னது சரிதான், நீ கொடுக்காததால் ஒன்றும் ஆகவில்லை என்று மேடமாக இருந்து சொன்னால் பரவால்ல மேடம் என்பாள். அது அவளுக்குப் போதாது. செத்தவள் சொன்னால்தான் போகும். கோமளா, நீ இருந்தால் வந்து நீயே சொல்லேன், இப்போது வாயேன், என் வாயை எடுத்துக்கொள்ளேன் என்று நிஜமாகவே கூப்பிடுகிறேன், ஒரு நிமிஷம் முழுசாக நம்பிக் கூப்பிடுகிறேன். யாரும் வரவில்லை. என் வாய் என் வாயாகவே காய்ந்து கிடக்கிறது. "கோவமில்லடி தங்கம்," என்கிறேன். "எனக்கு எப்பவும் உம்மேல கோவமில்ல." அவள் உடம்பு என்மேல் அப்படியே தளர்ந்து சாய்கிறது. எலும்பெல்லாம் அவிழ்ந்துபோனதுபோல. இத்தனை கனமா ஒரு சின்னப் பிள்ளை?

ஏகாம்பரம் அண்ணன் சொம்பை நீட்டிக்கொண்டு, எறங்கு தாயே, வூட்டுக்குப் போலாம் என்கிறார். நான் போறேன் என்று சொல்லிவிட்டு விழ வேண்டும், சொம்பை மூடி வேப்பிலை செருகி எடுத்துப்போவார்கள், நான் எழுந்து என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும், அதுதான் முறை. சுடர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். கற்பூரம் சுட்ட கை. "அதுக்குள்ள போவாதம்மா," என்கிறாள் காதில். "இவங்களுக்குள்ளயே இருந்துக்க. இந்த மேடம் நல்லவங்கதான்." ஏரி சுற்றுகிறது. நான் கேட்டதெல்லாம் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிட்டது, நல்லவங்க என்றும் சொல்லிவிட்டாள், வீட்டுக்குள்ளும் விட்டுவிட்டாள், ஆனால் என்னை ஒரு சொம்பாகத்தான் விட்டாள். இனி நிஜத்தைச் சொன்னால் மன்னிப்பும் பொய்யாகிவிடும், அந்த வாரை மறுபடியும் தோளில் மாட்டிக்கொள்வாள். சொல்ல முடியாது. இன்றைக்கும் முடியாது, அவள் பெரிய பெண்ணாகி, எனக்குத் தலை நரைத்து, ஏதோ ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதும் முடியாது. போறேன் என்று கத்துகிறேன், ஊருக்காக. விழுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கிடக்கையில் அண்ணன் சொம்பை மூடுகிற சத்தம் கேட்கிறது. வெறும் தண்ணீர்தான் அதில், அதற்குத் தினம் விளக்கேற்றுவார்கள், நானே ஏற்றுவேன். யாரோ முகத்தில் தெளிக்கிறார்கள். கண்ணைத் திறந்தால் அத்தை, அரசு, பச்சையம்மாள், அவர்கள் எல்லாரையும் விலக்கிக்கொண்டு சுடர் குனிந்து என் கண்ணுக்குள் பார்க்கிறாள், ஒரு கண்ணிலிருந்து மறுகண்ணுக்கு, ஆளில்லாத வீட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டி யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல. என்ன ஆச்சு என்று நான் கேட்க வேண்டிய இடம். கேட்டால் நான் மறுபடியும் மேடம். வாயைத் திறந்தேன், கேட்கவில்லை. அவள் தோளிலிருந்து பாட்டிலைக் கழற்றுகிறாள். நீல மூடியைத் திருகித் திறந்து என் உதட்டில் வைக்கிறாள். எனக்குத் தாகமே இல்லை. வெயிலில் கிடந்த தண்ணீர், வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக் வாசனையோடு. அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், நான் ஒவ்வொரு வாயாக விழுங்குவதை எண்ணுகிறவள்போல. "போதுமாம்மா?" என்கிறாள், எல்லாருக்கும் கேட்கும்படி. அரசு திடுக்கிட்டு, பிறகு சிரிக்கிறார், அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், புது அம்மாவைப் பிள்ளை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஒரு வருஷமாக நான் காத்துக்கிடந்த சொல். என்னைக் கூப்பிடவில்லை.

"இன்னும் கொஞ்சம் குடும்மா," என்றேன்.